வாசலைத் தாண்டாத பஞ்சாமிர்தம்

அபுதாபியிலிருந்து ஓமானின் சோஹாருக்குக் காரில் போக அரை நாள் போதும். சிவசங்கரன் துபாய் வரை போய்ச் சுற்றுலாக் கப்பலேறி, கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கே போனார். காரில் போனால் அது பக்கத்து ஊர். கப்பலில் போனால் வெளிநாடு அல்லவா?

பதினெட்டு வருடமாக வளைகுடாவில் பிளானிங் என்ஜினியராக இருப்பவர். தம் கட்டடத்தில் இருந்த நான்கு தமிழ்க் குடும்பங்களையும் திரட்டி, யாரும் கேட்காமலே தலைமைப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டிருந்தார். சோஹாரில் இறங்கும் நாளில் வெள்ளைக் கோட்டை, மீன் சந்தை, கடற்கரை என்று திட்டம் போட்டு, எல்லாரையும் வைக்கோல் தொப்பி வாங்கச் சொல்லியிருந்தார். "இங்க வேலைக்கு வந்த ஆளுங்க மாதிரி தெரியக் கூடாது பாருங்க" என்பது அவர் சொன்ன காரணம். எல்லாருமே வளைகுடாவுக்கு வேலைக்கு வந்த ஆட்கள்தான். ஆனாலும் தொப்பி வாங்கினார்கள்.

அவர் மனைவி வசந்தகுமாரிக்குக் கோட்டை முக்கியமில்லை. அவள் கைப்பையில் ஒரு பழனிப் பஞ்சாமிர்த டப்பா இருந்தது. அவர்கள் வீட்டில் சமையலுக்கு உதவும் நாகவள்ளி கொடுத்தனுப்பியது. நாகவள்ளியின் கணவன் ராமையாவுக்குச் சோஹார் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. போன வருடம் அவன் வலது கை இயந்திரத்தில் சிக்கி, விரல்களை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர்கள் சொன்னபோது நாகவள்ளி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். கை பிழைத்தது. லீவில் ஊருக்குப் போய்ப் பழனியில் முடி கொடுத்துவிட்டு, இரண்டு டப்பா வாங்கி வந்தாள். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. பிரசாதம் முதலில் அந்தக் கையால் அவன் வாய்க்குப் போக வேண்டும். அதுவரை தன் டப்பாவைத் திறப்பதில்லை என்று இருந்தாள். எல்லை தாண்ட விசா, செலவு, முதலாளியின் அனுமதி எல்லாம் வேண்டியிருந்ததால், ஒரே வளைகுடாவில் இருந்தும் கணவனும் மனைவியும் பார்த்து இரண்டு வருடமாகியிருந்தது. சாயங்காலம் மீன் சந்தைப் பக்கம் ராமையா வந்து டப்பாவை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

துறைமுகச் சோதனை மேசையில்தான் ஏற்பாடு கவிழ்ந்தது.

கப்பலிலிருந்து எந்த உணவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று அங்கே எழுதிப் போட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் ஷிரின் என்ற ஓமானி அதிகாரி நின்றாள். பலூச்சிக் குடும்பத்துப் பெண். சரளமாக உருது பேசினாள். பைகளைத் திறக்கச் சொன்னாள். தலைவரின் பையிலிருந்து புளியோதரை வந்தது. கூட வந்த முரளிதரனின் கேமராப் பையில் கேமரா இல்லை, தயிர் சாதம் இருந்தது. அவர் மனைவி ஷியாமளா, துண்டில் சுற்றியிருந்த மாவடு பாட்டிலைக் குழந்தையைப் போல எடுத்து வைத்தாள். எலுமிச்சை சாதம், வற்றல், அப்பளம்கூட வெளிவந்தன. கப்பலில் ஐம்பது வகைச் சாப்பாடு இருந்தும், முந்தின இரவு எல்லாரும் ரகசியமாகக் கைப்பையிலிருந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பது அந்த மேசையில் அம்பலமானது.

திரும்பக் கப்பலிலும் ஏற்ற விடமாட்டார்கள் என்றாள் ஷிரின். ஒன்று இங்கேயே சாப்பிட வேண்டும், இல்லையென்றால் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். "கலாஸ், அவ்வளவுதான்" என்று கையைத் தட்டிக்கொண்டாள்.

சோற்றைத் தொட்டியில் போட யாருக்கு மனம் வரும்? சுவரோரமாக இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து நான்கு குடும்பமும் காலை ஒன்பது மணிக்குப் புளியோதரை சாப்பிட்டார்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக விரலைச் சூப்பிய அந்த வரிசையை, பின்னால் வந்த ஜெர்மன்காரர்கள் ஊரின் முதல் காட்சியென்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாம் தீர்ந்தது. பஞ்சாமிர்தம் மட்டும் மிஞ்சியது. அதை இவர்கள் தின்ன முடியாது. தொட்டியைப் பற்றி வசந்தகுமாரியால் நினைக்கவே முடியவில்லை. நாகவள்ளியின் முகத்தில் எப்படி விழிப்பது? டப்பாவை வைத்திருந்து ராமையாவிடம் கொடுக்க முடியுமா என்று கெஞ்சினாள். யாருடைய பொருளையும் வைத்துக்கொள்ளத் தனக்கு அனுமதி இல்லை என்றாள் ஷிரின். பிறகு, அந்த ஆள் எங்கே வேலை செய்கிறான் என்று கேட்டாள். உள்ளேதான், சரக்குத் துறையில் என்று தெரிந்ததும் யோசித்தாள்.

"அவனை இங்கே வரச் சொல்லுங்கள். உணவு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். இவர்கள் சாப்பிட்ட மாதிரி அவனும் சாப்பிடட்டும்."

வசந்தகுமாரி ராமையாவுக்கு ஃபோன் போட்டாள். மதிய இடைவேளைக்கு முன்னால் டியூட்டியை விட்டு வர முடியாது என்றான். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றாள் கணவனிடம்.

"ஒரு டப்பாவுக்காக ஒரு நாளையே விடுவியா வசந்தா?"

"டப்பாவுக்கு இல்லைங்க. அந்தக் கைக்கு."

சிவசங்கரன் போய்ப் பஸ்ஸில் ஏறினார். அப்போதுதான் கோட்டைக்கு முன்னால் தம்மைப் படமெடுப்பது யார் என்ற கேள்வி எழுந்தது. முரளிதரன் எடுத்தால் தலை இருக்காது. இப்படி ஓர் அற்பக் காரணத்துக்காகத்தான் அவர் இறங்கித் திரும்பி வந்தார். நல்ல காரியங்களுக்குள் ஆண்டவன் நம்மை எந்த வாசல் வழியாகவும் இழுத்துப் போடுகிறான்.

மதியம் வரை பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்து, யாரும் தம்மைக் கவனிக்காததைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஷிரின் பிளாஸ்கிலிருந்து கஹ்வாக் காப்பி ஊற்றிக் கொடுத்து, பேரீச்சம்பழமும் வைத்தாள்.

ராமையா தூசி படிந்த உடுப்போடு ஓடி வந்தான். சார் என்று கும்பிட்டான். தொப்பி போட்ட மனிதரை அவன் ஒரு கணம்கூட வெளிநாட்டுக்காரராக நினைக்கவில்லை. பூட்ஸை ஓரமாக விட்டு, கையையும் காலையும் கழுவி, வெறுங்காலோடு வந்து நின்றான். வசந்தகுமாரி ஃபோனில் நாகவள்ளியைக் கூப்பிட்டுத் திரையை அவனிடம் திருப்பினாள். முக்காட்டை விலக்கி நாகவள்ளி தன் தலையைக் காட்டினாள். முடி ஒரு விரல் அளவு வளர்ந்திருந்தது.

"சின்னப் பையன் மாதிரி இருக்க" என்றான் ராமையா.

"பேச்சப் பாரு. மொதல்ல அந்தக் கையால எடுத்துச் சாப்பிடுங்க. நான் பாக்கணும்."

வடு ஓடிய விரல்கள் முழுதாக மடங்கவில்லை. மெதுவாக மடக்கி, எடுத்து, வாயில் போட்டுக்கொண்டான். அங்கே அபுதாபியில் இன்னொரு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. சிவசங்கரன் தம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இடைவேளை முடியப்போகிறது என்று ராமையா கிளம்பினான். மீதியை எடுத்துப் போக முடியாது. அவன் தங்கியிருந்த காம்ப் துறைமுக வாசலுக்கு வெளியே இருந்தது. எல்லாருக்கும் கொடுத்துவிடச் சொன்னான். போகும்போது சிவசங்கரனிடம், "என்னால நீங்க கோட்டையைப் பாக்க முடியாமப் போச்சே சார்" என்று வருந்தினான்.

"எப்படி இருக்கும் அது?"

"தெரியல சார். நானும் பாத்ததில்ல."

சாயங்காலம் பஸ் திரும்பியது. முரளிதரனும் ஷியாமளாவும் வெயிலில் கறுத்து, கோட்டையைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தபடி உள்ளே வந்தார்கள். பின்னால் ஜெர்மன்காரர்கள். வாசலுக்கு உள்ளே சிவசங்கரன் கையில் டப்பாவும் பிளாஸ்டிக் ஸ்பூனுமாக நின்றிருந்தார். ஷிரின் ஏற்கெனவே ஒரு ஸ்பூன் வாங்கிச் சாப்பிட்டு, இன்னொன்றுக்காகப் பக்கத்திலேயே நின்றாள்.

"வலது கையை நீட்டுங்க" என்றார் சிவசங்கரன் முரளிதரனிடம். "வெளியேயும் கொண்டுபோகக் கூடாது, கப்பலுக்கும் கொண்டுபோகக் கூடாது. இங்கேயே சாப்பிடணும்."