நனையாத உடுப்பு

குளிர்ந்த கடலுக்குள் இறங்க எந்த உடுப்பு நல்லது என்று ஹாஜா நஜ்முதீன் ஐந்து மாதமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். எக்செல் ஷீட்டில் நாற்பத்தொரு வரி ஏறிவிட்டது. ஆள்தான் அந்தக் கடலில் முழங்கால் ஆழம்கூட இறங்கியபாடில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஃப்ரீமாண்ட் ஊரே அரைக்கைச் சட்டையில் திரியும் ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் கேட்கிற உடம்பு அது. அவருக்கு வாய்த்த அமீனாவோ மாதம் இரண்டு தடவை முதுகில் காற்று டேங்க்கோடு மான்டரே கடலுக்கடியில் டைவ் அடிப்பவள். லீவுக்கு கான்கூன் போனபோது, அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் புருஷனையும் டைவிங் கோர்ஸ் முடிக்க வைத்தாள். அந்தக் குஷியில் மனுஷன், "மான்டரேலயும் உன்கூட வர்றேன்" என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தார்.

வெட்சூட் என்றால் தண்ணீர் உள்ளே வரும். உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகும்வரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். ட்ரைசூட்டில் அந்தத் தொல்லை இல்லை. கழுத்தையும் மணிக்கட்டையும் ரப்பர் பட்டை கவ்விப் பிடிக்கும், சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதையும் ஹாஜா முடித்திருந்தார், வெந்நீர் நீச்சல்குளத்தில்.

வியாழக்கிழமை அமீனா வந்து அவருடைய லேப்டாப்பை மூடினாள்.

"மச்சான், டிசைட் பண்ணிட்டீங்களா?"

"ரெண்டுக்கும் ரெண்டே பாயின்ட்தான் வித்தியாசம். இன்னும் ஒரு ரிவ்யூ மட்டும் பாத்துட்டா..."

"வர இஷ்டமில்லன்னா விட்டுடுங்க. எனக்குக் கோபமெல்லாம் இல்ல. இந்த சீசன் ஃபுல்லா ஆபீஸ் சுஹாஸ்கூடவே டைவ் போய்க்கிறேன்."

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார். எதிர்பார்ப்பதையே அவள் விட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் ஹாஜா லேப்டாப்பைத் தள்ளி வைத்தார்.

"சனிக்கிழமை போறோம்," என்றார். "ட்ரைசூட்."

சனிக்கிழமை கடற்கரையில், தண்ணீர் ஐம்பத்திரண்டு டிகிரி என்று டைவ் கடைப் பலகை சொன்னது. அது ஃபாரன்ஹீட்; செல்சியஸில் பதினொன்றுதான், ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர் மாதிரி. அமீனா தன் பழைய வெட்சூட்டை மாட்டிக்கொண்டு டேங்க்குகளைப் பார்க்கப் போனாள். அந்த இடைவெளியில், வாடகை ட்ரைசூட்டுக்குள் புகுந்திருந்த நம்மாள் காருக்குள் தலையை விட்டு, சென்னையிலிருந்து வந்த கம்பளிக் குரங்குக் குல்லாவை எடுத்தார். தலையில் இழுத்து மாட்டி, தொண்டைக்கும் கதகதப்பாக இருக்கட்டும் என்று அதன் அடிப்பாகத்தைக் கழுத்து ரப்பருக்குள் நன்றாகச் செருகி, மேலே டைவிங் முக்காட்டையும் போட்டு மறைத்தார். அமீனா வந்து ஜிப், வால்வு எல்லாம் சரிபார்த்தாள். உள்ளே குல்லா குடியிருப்பதை அவள் எப்படிக் கண்டாள், பாவம்.

இருபதடி ஆழத்தில் முதல் சொட்டு பிடரியில் விழுந்தது. கம்பளி கடலைக் குடித்துக் குடித்து, ரப்பருக்கு அடியில் வழி செய்து உள்ளே அனுப்பியது. முதுகு போனது, வயிறு போனது, கால் வரைக்கும் போனது. யா அல்லாஹ் என்று கத்தக்கூட வழியில்லை, வாயில் காற்றுக்குழாய்.

கட்டை விரலை உயர்த்தினால் போதும், மேலே போகலாம் என்று அர்த்தம். ஒருவர் ஏறினால் மற்றவரும் கூடவே ஏற வேண்டும். ஷீட்டில் ஏழாவது வரி. விரல் பாதி எழுந்தும்விட்டது.

அப்போது அமீனா திரும்பினாள். தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் போல ஒரு பாறையைக் காட்டினாள், அதில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நட்சத்திர மீனைக் காட்டினாள். முகமூடிக் கண்ணாடிக்குள் அவள் கண் சிரித்தது. ஹாஜா விரலை மடக்கி, ஓகே காட்டினார்.

இருபத்துநான்கு நிமிடம் கழித்துக் கரையேறினார்கள். ஜிப்பைத் திறந்து உடுப்பை உருவியபோது குடம் கவிழ்ந்தது போல் தண்ணீர் கொட்டியது. அமீனா அவருடைய முக்காட்டை இழுத்தாள். சொட்டச் சொட்டக் குரங்குக் குல்லா. அவள் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஏதோ உறைத்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"எப்போலேர்ந்து மச்சான்?"

"இ... இறங்கின ரெண்டாவது நிமிஷம்."

"விரலைக் காட்டியிருக்கலாம்ல? மேல வந்திருப்போமே."

"அதான். நீயும் வந்திருப்பியே."

அமீனா குல்லாவை முறுக்கிப் பிழிந்து ஓரமாக வைத்தாள். தன் டவலை எடுத்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். கொஞ்சம் அழுத்தியே துவட்டினாள்.

"அடுத்த சனிக்கிழமை நீங்களும் வெட்சூட்டே போடுங்க," என்றாள். "எப்படியும் நனையத்தான் போறீங்க."