மதகுக்கு அப்பால் மூன்றாவது வீடு

உதயரூபன் தன் பெண்சாதியின் வீட்டை விட்டுப் போனது பட்டப்பகலில். இருட்டில் போயிருந்தால் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். யாரும் பார்க்காவிட்டால் போனதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு கையில் உடுப்புப் பை, மறுகையில் மகள் தக்ஷாயினி. ஊர் பார்க்க ஒரு சண்டையும் பிடிக்கவேண்டும் என்று பெண்சாதி அஜந்தா முதலே சொல்லிவைத்திருந்தாள். மேசன் வேலை செய்கிற மனுசன், ஆடுகிற பலகையில் நின்று இரண்டாம் மாடிக்குச் சாந்து பூசுவான், ஆனால் பெண்சாதியைப் பார்த்து உரத்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் இரண்டு பேருடைய சண்டையையும் அவளே பிடிக்கவேண்டியதாயிற்று. "போங்க, போய் தங்கச்சிட வீட்டிலயே கிடங்க" என்று முற்றத்தில் நின்று கத்தினாள். வேலிகளுக்கு மேலே தலைகள் எழும்பின. முன்வீட்டு லக்ஷனின் தாய் சட்டியும் கையுமாக ஓடிவந்தாள். அவளைக் கண்டதும் அஜந்தாவுக்கு நிம்மதியாக இருந்தது.

இத்தனை கூத்தும் ஒரு பள்ளிக்கூடத்துக்காக. தன்னாமுனைப் பக்கம் சில வருடங்களாக வளவுகள் எல்லாம் துண்டு துண்டாகி, காணும் இடமெல்லாம் வீடாகி, பெரிய பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு இடம் போதாமல் போயிற்று. ஆகவே இந்த வருடம் புதிதாக ஒரு எல்லை போட்டார்கள். வாவிக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிற மதகுதான் எல்லை. மதகுக்கு இப்பால் இருக்கிற பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிக்கூடம். அப்பால் என்றால் உள்ளே வாவியோரம் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம். அது ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மாரி பிறந்தால் அங்கே போகிற வழி முழுக்கத் தண்ணீர். போன மாரியில் ஒரு பெண்பிள்ளையைத் தண்ணீர் இழுத்தது; யாரோ தலைமயிரில் எட்டிப் பிடித்துத் தூக்கினார்கள். பிள்ளை பிழைத்தது, ஆனால் அதன் பிறகு பள்ளிக்கூடப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இப்போது குழாயடியில் குடத்தோடு நிற்கிறது. அஜந்தாவின் வீடு மதகுக்கு அப்பால் மூன்றாவது.

உதயரூபனின் தங்கை புஸ்பத்தின் வீடு மதகுக்கு இப்பால். மூன்று பேரும் அங்கே போய் இருந்தால் என்ன என்றுதான் முதலில் யோசித்தார்கள். அது சரிவராது. இந்தப் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். ஆண் உடுத்த உடுப்போடு பெண் வீட்டுக்கு வருவான். அஜந்தாவின் பெயரில் கல்வீடு இருக்க, குடும்பத்தோடு மச்சாள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம் என்றால் எவர் நம்புவார்? ஆனால் ஒருவன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்றால் அதற்கு இந்த ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள்.

"ஊர் என்ன கதைக்கும் தெரியுமா?" என்று உதயரூபன் கேட்டான்.

"கதைக்கட்டும். பிள்ள எங்க இரிக்கி எண்டு விசாரிக்க வாற ஆக்களுக்கு ஊர்தானே சொல்லணும்" என்றாள் அவள்.

ஊர் வஞ்சகமில்லாமல் கதைத்தது. அவன் குடிக்கிறவனும் இல்லை, அடிக்கிறவனும் இல்லை, அப்படியென்றால் பிழை அவளில்தான் என்று குழாயடியில் தீர்ப்பாயிற்று. ஃபோனில் யாரோடோ கதைக்கிறாளாம் என்று லக்ஷனின் தாய் கொண்டுதிரிந்தாள். அவளுடைய மகனுக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் இல்லாமல் போன ஆத்திரம் அவளுக்கு. அஜந்தா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒவ்வொரு பழிச்சொல்லும் தன் பிள்ளைக்கு ஒரு சாட்சி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. இடம் கிடைக்காதவர்கள், இன்னார் பொய் விலாசம் கொடுக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் மொட்டைப் பெட்டிசம் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. விசாரணைக்கு எப்போது வருவார்களோ தெரியாது. அதனால் மதகைத் தாண்டிப் போய்ப் பிள்ளையைப் பார்க்க அவளுக்கு வழியில்லை. உதயரூபன் முதலில் வேலை முடிந்து வருகிற வழியில் ஃபோன் எடுத்தான். வரவர அதுவும் குறைந்தது. புஸ்பத்துக்குப் பிள்ளை இல்லை. அவள் தக்ஷாயினிக்கு இரட்டைப் பின்னல் பின்னுகிறாளாம், பக்கத்தில் படுக்கவைத்துக் கதை சொல்கிறாளாம். "பிள்ள நல்லாத்தான் இரிக்கி, நீ யோசிக்காத" என்று அவன் சொன்னபோது அஜந்தாவுக்குப் பயமாக இருந்தது. பொய்க்குப் போனவர்கள் மெய்யாகவே அங்கே தங்கிவிடுவார்களோ என்ற பயம். அதை யாரிடம் போய்ச் சொல்வாள்? ஊர்க் கணக்கில் புருசனை அடித்து விரட்டியவள் அல்லவா அவள்.

ஒருநாள் பின்னேரம் வாவிக்கரையில் தோணியிலிருந்து இறக்கிய இறால் துள்ளிக்கொண்டிருந்தது. இறால் பொரியல் என்றால் தக்ஷாயினி சட்டியைச் சுற்றிச்சுற்றி வருவாள். அஜந்தா சின்ன வாளியில் வாங்கினாள். வேலியடியில் புஸ்பத்தின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். கேற்றைத் திறந்து உள்ளே கால்வைத்ததும் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. அது ஓடிவருவதற்குள் அஜந்தாவின் முதுகுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவன் இறங்கவில்லை. பின்னாலிருந்து, விசாரணைக்கு வந்த ஒரு அதிகாரி அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். குசினியிலிருந்து எட்டிப்பார்த்த புஸ்பம் அப்படியே நின்றுவிட்டாள்.

அதிகாரி அம்மா நல்ல மனுசி. பிள்ளையிடம் குனிந்து பெயரைக் கேட்டார், பின்னல் வடிவாக இருக்கிறது என்றார். "அம்மா எங்க மகள்?"

"அம்மா எங்களோட இல்ல. அப்பாவும் மாமியும் நானும்தான் இஞ்ச இரிக்கம்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. டொபி கொடுத்துக் கொடுத்து அதைச் சொல்லிக்கொடுத்ததே அஜந்தாதான். அப்போதெல்லாம் பாதியில் சிரித்துவிடுகிற பிள்ளை இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"இவ ஆரு?" என்று அதிகாரி அம்மா திரும்பினார்.

இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அஜந்தாவுக்குத் தன் பெயரே மறந்துபோயிற்று. பிள்ளை வாளியைப் பார்த்தது, தாயின் முகத்தைப் பார்த்தது.

"இறால் விக்கிற அன்ரி" என்றது.

அதிகாரி அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "வாவி இறால்தானே? என்ன விலை?" அஜந்தா வாயில் வந்த ஒரு விலையைச் சொன்னாள். முழுவதையும் தரச் சொல்லிப் பையை நீட்டினார். கொட்டும்போது ஒரு இறால் மண்ணில் விழுந்தது. தக்ஷாயினி அதைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, பைக்குள் போட்டாள். அஜந்தா காசை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வது?

"முடிவ மறுகா அறிவிப்பாங்க" என்று புஸ்பத்திடம் சொல்லிவிட்டு அதிகாரி அம்மா மோட்டார் சைக்கிளில் ஏறினார். ஏறும்போது ஓட்டுகிறவனிடம் சொன்னது அஜந்தாவின் காதில் விழுந்தது: "அந்தத் தாய்ட வீடும் மதகுக்கு அங்கால தானாம். அதையும் ஒருக்கா பாத்திட்டுப் போவம்."

அஜந்தா வெறும் வாளியோடு ஒழுங்கையில் இறங்கினாள். குண்டும் குழியுமான பாதையில் மோட்டார் சைக்கிள் ஊர்ந்து ஊர்ந்து பின்னால் வந்தது. இறால் விற்கிறவள் வாயை மூடிக்கொண்டு நடப்பாளா? கூவிப் பார்த்தாள். "இறால்... இறாலோ இறால்." சண்டை பார்த்த அதே தலைகள் வேலிகளுக்கு மேலே எழும்பின. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மதகைத் தாண்டினாள். முதல் வீடு, அடுத்த வீடு. தன்னுடைய வீட்டுக் கேற் அவள் விட்டுப்போனபடியே அரைவாசி திறந்திருந்தது. கொடியில் தக்ஷாயினியின் மஞ்சள் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை வீட்டில் இல்லாவிட்டாலும் அவள் அதைத் துவைத்துத் துவைத்துப் போடுவாள். அஜந்தா நிற்கவில்லை. தன் வீட்டைத் தாண்டி நடந்தாள்.

பின்னால் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. ஹோன் அடித்தார்கள்.

"இந்த வீட்டு அஜந்தா எங்க?" என்று அதிகாரி அம்மா கேட்டார்.

முன்வீட்டு வேலியில் லக்ஷனின் தாய் நின்றுகொண்டிருந்தாள். அவள் அதிகாரி அம்மாவைப் பார்க்கவில்லை. ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்த அஜந்தாவையும் அவள் கையிலிருந்த வெறும் வாளியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அஜந்தா திரும்பவில்லை. வாளி முழங்காலில் இடிக்க, வாவியை நோக்கிப் போகிற அந்தப் பாதையில், தொண்டை கிழிய "இறாலோ இறால்" என்று கூவிக்கொண்டே போனாள்.