மூன்றாவது விசில்

அன்று எட்டாம் நாளா ஒன்பதாம் நாளா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அடுப்பும் படுக்கையுமாக வாடகைக்கு எடுத்த கேம்பர் வண்டியில், நாங்கள் குடியிருந்த எர்லாங்கன் நகரை விட்டுப் புறப்பட்ட பிறகு கிழமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. 2003, ஆகஸ்ட் மாதம். ஜெர்மனி முழுவதும் வெயில் தாங்காமல் முனகிக்கொண்டிருந்தது. மதுரையில் பிறந்த எனக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் ஏசி கிடையாது. எண்பதைத் தாண்டினால் பாத்திரங்களெல்லாம் அலறும். அதனால் பெரிய சாலைகளை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்திருக்கும் சின்னச் சாலைகளில் வடக்கே, பால்டிக் கடல் பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தோம்.

நிழல், வெயில், நிழல், வெயில் என்று முன்கண்ணாடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அறுத்துப் போட்ட கோதுமை வயலில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. பத்து கிலோமீட்டர் போன பிறகும் அதே நாரை நிற்பதுபோல் இருந்தது. நான் வண்டி ஓட்டுகிறேனா, யாரோ ஓட்டுகிற வண்டியைக் கனவு காண்கிறேனா என்று சந்தேகமே வந்துவிட்டது.

"ஏங்க, கண்ணு திறந்துதான் இருக்கா?" என்றாள் என் மனைவி ரமா.

"ஒரு கண்ணு திறந்திருக்கு. அது போதும்."

பின்னால் மேஜையருகே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் மகள் நிருபமா கலகலவென்று சிரித்தாள். அவளுக்கு ஏழு வயது. எங்களோடு இருக்கும்போது அவள் வாய் ஓயாது. மேகத்துக்கு வியர்க்குமா, நாரைக்கு மாமியார் உண்டா என்று தமிழில் துளைத்தெடுப்பாள். காலையில் படுக்கையில் கிடந்தபடி தன் கரடிப் பொம்மையோடு ஜெர்மனில் சண்டை போடுவாள். ஆனால் வேற்று மனிதர் ஒருவர் எதிரே வந்துவிட்டால் போதும், வாயில் பூட்டு விழுந்துவிடும்.

முதல் வகுப்பு முழுவதும் அவள் பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கோடை விடுமுறைக்கு முன்னால் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இரண்டாம் வகுப்பு தொடங்கி ஆறு வாரம் பார்ப்போம், அதற்குள் யாரிடமாவது பேசவேண்டும், இல்லையென்றால் பக்கத்து ஊரில் பேச்சுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கான பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்றார். நல்ல பள்ளிதான் என்று இரண்டு முறை சொன்னார். ரமா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கேம்பர் பயணம் என் யோசனை. புது ஊர், புது முகம், எங்கேயாவது ஓரிடத்தில் அவள் வாய் திறக்காதா என்ற நப்பாசை. ஒன்றும் நடக்கவில்லை. ஆறு வாரம் என்ற அந்த எண் மட்டும் என் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பொறுமைசாலி இல்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று குழந்தையை முன்னால் தள்ளுகிற ஊரிலிருந்து வந்தவன். குழந்தை விழித்துக்கொண்டு நின்றால் அப்பனுக்கு மானம் போய்விடும். அந்த மானத்தைக் காப்பாற்ற நானே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன். அன்று காலைகூட ஒரு கிராமத்துக் கடையில் ஐஸ்கிரீம் விற்ற பெண் குனிந்து நிருவிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் மனதுக்குள் ஏழு வரை எண்ணினேன். அதற்கு மேல் முடியவில்லை. "வனிலா" என்றேன். நிரு வனிலாவை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வனிலா பிடிக்குமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஒரு நிமிஷம் சும்மா இருந்தா என்ன குறைஞ்சு போயிடுவீங்க?" என்றாள் ரமா.

"பின்னாடி ஆறு பேர் க்யூவில நிக்கறாங்க, ரமா."

"நிக்கட்டுமே. ஐஸ்கிரீம்தானே உருகும்?"

பன்னிரண்டு மணி வாக்கில் ஓர் ஏரிக்கரையில் பைன் மரங்களுக்கு நடுவே இருந்த முகாம் திடலுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் ஒரு பெரிய பலகை. ஒன்றிலிருந்து மூன்று மணி வரை மதிய அமைதி. ரேடியோ கூடாது, பந்து விளையாடக் கூடாது, வண்டியைக் கிளப்பக்கூடக் கூடாது. நான் அதை ரமாவுக்குத் தமிழில் பெருமையாக மொழிபெயர்த்துச் சொன்னேன். பிறகு நேராக வண்டிக்குள் போய், அரிசியும் பருப்பும் காயும் போட்டு, பிரஷர் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். மணி ஒன்றாகப் பத்து நிமிடம். குக்கர் விசிலைச் சத்தம் என்று நம் ஆட்கள் யாராவது நினைப்பார்களா? அது சமையல்.

"நிரு, மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு. குக்கரைத் தொடாதே."

"சரிப்பா." படம் வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் ரமா தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் அசையவே இல்லை. பைன் பிசின் வெயிலில் இளகி மணத்தது. திடல் முழுவதும் உறங்கிப்போயிருந்தது. தும்பி ஒன்று என் முழங்காலில் உட்கார்ந்து, போக மனமில்லாமல் இருந்தது. எனக்கும் எங்கும் போக மனமில்லை. பள்ளி திறக்கும் செப்டம்பர் வராமலே போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது ஏரியின் அக்கரைவரை கேட்கும்படி முதல் விசில் அடித்தது.

தும்பி பறந்தது. ரமா துள்ளி எழுந்து என்னைப் பார்த்தாள். "குக்கரா வச்சீங்க? இப்பவா?"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினோம். வழியில் கூடாரங்களிலிருந்து தலைகள் நீண்டன. பாதித் தூரத்தில் இரண்டாவது விசிலும் வந்தது. எங்களுக்கு முன்னால் திடலின் காவலர், அரைக்கால் சட்டையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக, சைக்கிளில் பறந்துகொண்டிருந்தார். நாங்கள் எங்கள் இடத்துப் புதர்வேலியை அடைவதற்குள் அவர் எங்கள் வண்டிக் கதவைத் தட்டிவிட்டார்.

கதவு திறந்தது. கையில் பச்சைக் கிரேயானோடு நிரு நின்றாள்.

"என்ன சத்தம் இது? மணி என்ன தெரியுமா? அதை உடனே நிறுத்து" என்றார் அவர் ஜெர்மனில்.

நான் முன்னால் பாய்ந்தேன். மன்னிப்பு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரமா என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "அசையாதீங்க" என்றாள் காதோடு.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழு தாண்டியது. பன்னிரண்டு தாண்டியது. நிரு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முடியாது" என்றாள் ஜெர்மனில்.

"என்ன?"

"இன்னும் ஒன்று இருக்கிறது. மூன்று தடவை கத்த வேண்டும். இரண்டுதான் ஆகியிருக்கிறது. இப்போது நிறுத்தினால் பருப்பு வேகாமல் பல்லில் கடிபடும்."

கரடிப் பொம்மையோடு சண்டை போடும் அதே குரல். ரமாவின் பிடி இறுகி, என் சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது.

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மூன்றாவது எப்போது வரும்?"

"அது எனக்குத் தெரியாது. அதற்கே தோன்றும்போது கத்தும். நீங்கள் வேண்டுமானால் உட்காருங்கள்."

அவர் எங்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிரு படியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கூடாரத்து அம்மாள் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவைத்துக் காத்திருந்தார். வெயில், மரம், ஏரி எல்லாமே எங்கள் குக்கருக்காகக் காத்திருப்பதுபோல் ஒரு நிசப்தம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை.

விசில் வந்தது. காவலர் காதைப் பொத்திக்கொண்டார். நிரு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"முடிந்தது. இனிமேல் கத்தாது."

"நல்லது" என்று எழுந்தார் அவர். கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "உன் அப்பா அம்மா எங்கே?"

நிரு திரும்பிக்கூடப் பார்க்காமல் கிரேயானை வேலிப் பக்கம் நீட்டினாள்.

"அந்த வேலிக்குப் பின்னால் நிற்கிறார்கள். ரொம்ப நேரமாக நிற்கிறார்கள். அப்பா இங்கே இருந்தால் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிடுவார். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். காவலர் வேலிக்கு மேலாக என்னைப் பார்த்து, ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.

நான் கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.