முன்னால் தள்ளினால் சுற்றாத புல்வெட்டி

ஒரு வாரம் வெளியூர் வேலைக்குப் போயிருந்த சின்னவள் வியாழக்கிழமை காலையில் திரும்பினாள். காட்சியகத்தின் முன்புறப் புல்தரையில் நின்ற இயந்திரத்தைப் பார்த்ததும் தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"யாரு இதுக்கு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான்" என்றார் அத்தான். கையில் இன்னும் பிரஷ் இருந்தது. "மூணு கோட்டு. எனாமல். எப்படி இருக்கு?"

பச்சைப் பசேலென்று இருந்தது. சக்கரம், கைப்பிடி, பிளேடைத் தாங்கும் சட்டம் எல்லாமே பச்சை. நட்டுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட புல்வெட்டி, நேற்று கடையில் வாங்கியது போல மினுங்கியது.

அந்தக் காட்சியகம் ஒரு காலத்தில் ஊருக்குத் தண்ணீர் இறைத்த பம்ப் அறை. இப்போது பழைய இயந்திரங்களைச் சுத்தம் செய்து, ஓடவைத்து, மக்களுக்குக் காட்டுகிறார்கள். அக்கா அதன் நிர்வாகி. தங்கை அங்கே இருக்கும் ஒரே ஃபிட்டர். வீட்டில் எல்லாரும் சின்னவள் என்று கூப்பிட்டது அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டு வயதில், கையில் கிரீஸும் தலையில் நரையுமாக, அவள் இன்னும் சின்னவள்தான்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், முப்பத்தொரு வருடம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்சியகத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குறைந்தபட்சம் போன வாரம் வரை இல்லை.

சின்னவள் பையை இறக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். முன்னால் தள்ளினாள். சக்கரங்கள் உருண்டன. நடுவில் இருந்த பிளேடு உருளை அசையவே இல்லை. டிக் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. நின்றாள். பின்னால் இழுத்தாள். உருளை விர்ரென்று சுற்றியது. ஆனால் தலைகீழாக. புல்லில் ஒரு நுனிகூட வெட்டுப்படவில்லை. தலை வாரிவிட்டது போல எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

"அத்தான், இதைக் கழட்டினீங்களா?"

"முழுசா! ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில ஊறவச்சு, துடைச்சு, எது எந்தப் பக்கம்னு குறி போட்டு, நோட்டுல படம் வரைஞ்சு, திரும்ப மாட்டியிருக்கேன். ஒரு திருகுகூட மிச்சம் இல்ல."

"தள்ளினா சுத்தலையே."

"இழுத்தா சுத்துதே. அந்தக் காலத்துல இழுத்துத்தான் வெட்டியிருப்பாங்க."

சின்னவள் கண்ணை மூடித் திறந்தாள். "இழுத்து வெட்டினா நாம நம்ம காலையேல்ல வெட்டிக்கணும்?"

"ஜாக்கிரதையா இழுத்திருப்பாங்க."

இனி பேசிப் பயனில்லை என்று பட்டறைக்குப் போய் ஸ்பேனர் எடுத்து வந்தாள். சைக்கிள் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் சக்கரம் இழுபடாமல் சங்கிலி மட்டும் சுற்றுகிறதல்லவா, இதிலும் அதே ஏற்பாடுதான். சக்கரத்தின் உள்விளிம்பைச் சுற்றிப் பற்கள். உருளை அச்சின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சின்னப் பல்சக்கரம். அதன் வயிற்றுக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு எஃகுத் துண்டு. பட்டறையில் அதை நாக்கு என்பார்கள். தள்ளும்போது அந்த நாக்கு பல்சக்கரத்தின் உள்பள்ளத்தில் மாட்டி உருளையைச் சுற்ற வைக்க வேண்டும். இழுக்கும்போது வழுக்கிவிட வேண்டும். இங்கே எல்லாம் நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது. சக்கரத்தைத் திறந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அத்தான் குறுக்கே வந்து நின்றார்.

"ஸ்பேனர் போட்டா பெயிண்ட் உரிஞ்சிடும்."

"உரியட்டும்."

"நேத்துதான் மூணாவது கோட்டு காஞ்சுது. நாளன்னிக்கு விழா. உரிஞ்ச நட்டோட நிறுத்தி வைப்பியா?"

"சுத்தாத மெஷினை நிறுத்தி வைக்கலாமா?"

"அதான் சுத்துதேன்னு சொல்றேன்ல!"

அவர் நகரவில்லை. நிலத் தகராறுகளில் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் நடுவே கல் நட்டுப் பழகிய மனிதர். தானே ஒரு கல்லாக நிற்கத் தெரிந்தவர். சின்னவள் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே அக்காவின் அறைக்குப் போனாள்.

அக்கா தொலைபேசியில் இருந்தாள். ஸ்பேனரையும் தங்கையின் முகத்தையும் பார்த்துவிட்டு, "அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

"என் வேலையை ஏன் அவர்கிட்ட குடுத்தே?"

"நீ ஊர்ல இல்லையே."

"ஒரு வாரம் பொறுக்க முடியாதா? சனிக்கிழமை பல் டாக்டரம்மா வராங்க. அவங்க வீட்டு மெஷின். ஓட வச்சுக் காட்டறோம்னு நீதானே வாக்குக் குடுத்தே? இப்ப அது ரிவர்ஸ்ல ஓடுது."

அக்கா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். "வீட்டுல என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாது. சமையலறை டப்பாவையெல்லாம் உயர வாரியா அடுக்கறார். உப்பு எங்கன்னு தேடறதுக்குள்ள அடுப்புல வச்சது அடிபிடிச்சிடுது. ஜன்னல் திரை ரெண்டு விரல் கோணலா இருக்குன்னு அளந்து சொல்றார். நான் ஆபீஸ் கிளம்பும்போது வாசல்ல நின்னு, 'இன்னிக்கு எத்தனை மணிக்கு வருவே'ன்னு கேக்கறார். தினமும். ஏதாவது வேலை குடுன்னு வாய் திறந்து கேட்டதில்ல. ஆனா கேக்கறார்னு தெரியுது. என்ன பண்ணச் சொல்றே?"

"உன் வீட்டு நிம்மதிக்கு என் பட்டறையா கிடைச்சுது?"

அக்கா மேஜையில் இருந்த பேனாவை எடுத்தாள், வைத்தாள். "கேட்டுட்டுக் குடுத்திருக்கணும்" என்றாள் கடைசியில். "தப்புதான். வா, நான் அவர்கிட்ட சொல்றேன்."

அக்கா வந்து சொன்னதும் அத்தான் ஒதுங்கினார். ஆனால் பட்டறை மேஜையில் ஏற்றினால் சட்டத்தில் கீறல் விழும் என்று, அங்கேயே, புல்லிலேயே திறக்கச் சொன்னார். அந்த ஒன்றையாவது விட்டுக்கொடுப்போம் என்று சின்னவள் சம்மதித்தாள். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று கால் மணி நேரத்தில் தெரிந்தது.

கோணியை விரித்து மண்டியிட்டாள். மூன்று கோட்டு எனாமலுக்குள் புதைந்திருந்த நட்டு லேசில் அசையவில்லை. முழு பலத்தையும் போட்டு அழுத்தினாள். பச்சைப் பொருக்குகள் பறந்தன. ஒவ்வொரு பொருக்குக்கும் அத்தான் "ஸ்ஸ்" என்று மூச்சிழுத்தார், யாரோ அவருக்கே ஊசி போடுவது போல.

"அத்தான், கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மூச்சு விடறீங்க."

"அதையும் நிறுத்தணுமா?"

சக்கரம் திடீரென்று வழுக்கி வெளியே வந்தது. கூடவே சின்னப் பல்சக்கரமும். அதற்குள் இருந்த நாக்கு அவள் விரலில் பட்டுத் துள்ளி, கோணியைத் தாண்டி, புல்லுக்குள் விழுந்தது.

 புல் கணுக்காலை மறைக்கும் உயரம். விழாவில் வெட்டிக் காட்டுவதற்கென்றே ஒரு மாதமாக வளர்த்த புல்.

"யாரும் அசையாதீங்க" என்றாள் சின்னவள். உடனே அத்தான் இரண்டு அடி முன்னால் வந்தார்.

நிர்வாகி, ஃபிட்டர், ஓய்வு பெற்ற நில அளவையாளர் மூவரும் நாலு காலில் தவழ்ந்து புல்லை விலக்கி விலக்கித் தேடினார்கள். வெயில் ஏறியது. அக்காவின் புடவை முழுவதும் புல் விதை. அத்தான் நிலத்தை ஒரு சாண் அகலக் கட்டங்களாகப் பிரித்துத் தேடலாம் என்றார். சின்னவள் பழைய ஒலிபெருக்கி ஒன்றின் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்து புல்லின் மேல் இழுத்தாள். இரண்டு ஆணி கிடைத்தது. ஒரு கொண்டை ஊசி கிடைத்தது. நாக்கு கிடைக்கவில்லை. அது போனால் அளவெடுத்து, அறுத்து, அரத்தால் ராவி, புதிதாகச் செய்ய வேண்டும். நாளை முழுவதும் அதற்கே சரியாகிவிடும்.

முக்கால் மணி நேரம் கழித்து அத்தான், "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினார். அவர் பிரித்த பதினாலாவது கட்டத்தில் இருந்தது. அதில் சின்னவளுக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அவள் அடுத்த சக்கரத்தையும் கழற்றினாள், இந்த முறை கையால் பொத்திக்கொண்டு. இரண்டு சின்னப் பல்சக்கரங்களையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பார்த்தால் ஒன்றின் பள்ளங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, மற்றதன் பள்ளங்கள் எதிர்ப்பக்கமாக.

"மாறிப் போயிருக்கு. இடதுல வலது, வலதுல இடது."

"இருக்கவே முடியாது" என்றார் அத்தான். "உள்ள பாரு. இடதுக்கு 'இ', வலதுக்கு 'வ'. என் கையால வெள்ளைப் பெயிண்ட்ல எழுதினேன்."

எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. 'இ' என்று எழுதியது இடது சக்கரத்திலிருந்துதான் வந்திருந்தது. சின்னவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"கழட்டும்போது எங்க நின்னு எழுதினீங்க?"

"மெஷினுக்கு முன்னால. வெளிச்சம் அந்தப் பக்கம்தானே வருது."

"மாட்டும்போது?"

"பின்னால. கைப்பிடியைப் பிடிச்சுக்..." வாக்கியம் அங்கேயே நின்றது.

முன்னால் நின்று பார்த்தபோது அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது இயந்திரத்தின் வலது. பின்னால் வந்து நின்றதும் அதைக் கொண்டுபோய் இடதில் மாட்டியிருக்கிறார். வரப்புக்கு எந்தப் பக்கம் யாருடைய நிலம் என்று முப்பத்தொரு வருடம் தீர்ப்புச் சொன்னவர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சின்னவளும் சிரித்திருப்பாள், அத்தானின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கையில் இருந்த நோட்டை மூடி, பென்சிலைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, "நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். எழுந்தபோது முழங்கால் இரண்டிலும் பச்சைக் கறை.

போகட்டும் என்றுதான் சின்னவள் நினைத்தாள். நிம்மதி என்றும் நினைத்தாள். ஆனால் அவர் நடக்கிற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அளந்து அளந்து அடி வைக்கிறவர், இப்போது எப்படியோ போய்க்கொண்டிருந்தார்.

"அத்தான்!" என்று கத்தினாள், கோபமாகவே. "பாதி வேலையில எங்க போறீங்க? நீங்க மாத்தினதை நீங்கதான் மாட்டணும். வந்து உக்காருங்க. இடம் வலம் எல்லாம் கைப்பிடிக்குப் பின்னால நிக்கறவனுக்குத்தான். அதை முதல்ல நோட்டுல எழுதுங்க."

அவர் திரும்பி நின்றார். வருவதா வேண்டாமா என்று யோசித்தார். வந்து கோணியில் உட்கார்ந்தார். எழுதினார். பிறகு நாக்கை அச்சின் பிளவில் வைத்து, பல்சக்கரத்தைச் செருகி, சக்கரத்தை மாட்டி, நட்டை முறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் "சரியா?" என்று கேட்டு அவள் உயிரை வாங்கினார். எல்லாம் முடிந்து சின்னவள் தள்ளியபோது உருளை சலசலவென்று சுற்றியது. வெட்டுப்பட்ட புல் முன்னால் தெறித்தது. இழுத்தபோது டிக் டிக் என்று சத்தம் மட்டும்.

"நட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கட்டுமா?" என்றார் அத்தான்.

"கிட்ட வந்தீங்கன்னா பாருங்க."

சனிக்கிழமை பத்து மணிக்குப் பல் மருத்துவர் வந்தார். அவருடன் ஐம்பது அறுபது பேர். அவரே கைப்பிடியைப் பிடித்துப் புல்லின் குறுக்கே ஒரு நடை தள்ளினார். கைதட்டினார்கள். பிறகு குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்து, "பல்லெல்லாம் நல்லா இருக்கே, ஒண்ணுகூட சொத்தை இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "அது சரி, எது முன்னால எது பின்னாலன்னு இதுக்கு எப்படித் தெரியுது?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து அத்தான் முன்னால் வந்தார்.

"நான் சொல்றேன் டாக்டர். இதைத் தப்பா மாட்டினவனே நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். இழுத்துத்தான் வெட்டியிருப்பார்கள் என்று வாதாடியதைச் சொன்னார். புல்லில் தவழ்ந்ததைச் சொன்னார். எங்கே நின்று எழுதினார் என்று நடந்து காட்டினார். இரண்டு ஆட்களை எதிரெதிரே நிறுத்தி, வலது கையைத் தூக்கச் சொல்லி, இரண்டு கையும் வேறு வேறு பக்கம் இருப்பதைக் காட்டினார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "என் மச்சினி மட்டும் இல்லேன்னா இந்த மெஷின் இன்னிக்கு உங்களைப் பின்னால இழுத்துட்டுப் போயிருக்கும்" என்று அவர் முடித்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. சின்னவள் சொல்லியிருந்தால் மூன்று நிமிடம்.

அடுத்த வாரமே அவர் கதையைக் கேட்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அத்தானைச் சனிக்கிழமைதோறும் கதை சொல்ல விடலாமா என்று அக்கா சின்னவளிடம் கேட்டாள். இந்த முறை முன்கூட்டியே கேட்டாள். சின்னவள் இரண்டு நிபந்தனை போட்டாள். பட்டறைச் சாவி அவளிடம் மட்டும் இருக்கும். கதை சொல்லும்போது எதைக் கழற்றிக் காட்டினாலும், அன்று மூடுவதற்குள் அத்தானே மாட்டிவிட வேண்டும்.

அப்படித்தான் நடக்கிறது. சனிக்கிழமைதோறும் அத்தான் சக்கரத்தைக் கழற்றுகிறார், கதை சொல்கிறார், மாட்டுகிறார். போகும் முன் சின்னவள் வந்து ஒரு தடவை தள்ளிப் பார்க்கிறாள், எங்காவது தப்பு இருக்குமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. இதுவரை ஒரு தடவைகூட மாறவில்லை. சொல்லிக்காட்ட ஒன்றும் கிடைக்காமல், "நட்டை இவ்வளவு இறுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.