நாற்பத்திரண்டு, பிரசென்ட்

வித்யாலக்ஷ்மிக்குக் குரல் மாற்றிப் பேசுவது பிறவியிலேயே வந்த வரம். கொரோனா வந்து கால்நடை மருத்துவக் கல்லூரியை இழுத்துச் சாத்தி, பாபநாசத்து வீட்டில் போனே வகுப்பறையாகிப்போன வருஷம், அந்த வரத்துக்கு முழுநேர வேலை கிடைத்தது.

வருகைப் பதிவில் அவள் நாற்பத்தொன்றாம் நம்பர். நாற்பத்திரண்டு செம்மொழி, விடுதியில் ஒரே அறை, பல நாள் ஒரே தட்டு. செம்மொழியின் ஊர் திருப்பனந்தாளுக்கு அந்தப் பக்கம். திடீரென்று ஒரு நாள் செம்மொழியின் போன் அணைந்துபோனது. கெட்டுப்போயிருக்கும், பாவம், சரிபண்ணக் கடைகூடத் திறந்திருக்கவில்லையே என்று வித்யா தானாகவே முடிவுகட்டிக்கொண்டாள். அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்களே! செம்மொழியின் பாஸ்வேர்டு தெரியும். அப்பாவின் போனில் அவள் பெயரில் நுழைந்து, கொஞ்சம் கட்டைக்குரலில், "பிரசென்ட் சார்." ஒரு நாளா, இரண்டு நாளா? முப்பத்தாறு நாள்! வகுப்பெடுக்கும் நாகேஸ்வரன் சார் வேறு, "செம்மொழியப் பாருங்க, ஒரு நாள் தவறல" என்று மெச்சினார். வித்யாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

முப்பத்தேழாம் நாள் காலை, செம்மொழியின் அம்மா தங்கம்மாள் மகளுக்குத் தெரியாமல் வயலிலிருந்து கூப்பிட்டார்.

"பாப்பா, அவ எந்திரிக்கவே மாட்டேங்குறா. சோறு எறங்கல. போனையும் அவதான் அணைச்சு வச்சிட்டா. தெனமும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறா, 'காலேஜ்லேருந்து யாராச்சும் கேட்டாங்களாம்மா'ன்னு. இல்லைன்னா செவுத்துப் பக்கம் திரும்பிக்குறா. 'நான் இல்லாதது யாருக்குமே தெரியல'ன்னு நேத்து சொன்னா. எனக்குப் பயமா இருக்கு பாப்பா."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்கோடும் நிற்கவில்லை. ஒருத்தி காணாமல் போனதை, யாரையும் தேடவிடாமல் அன்பாலேயே மூடிவைத்திருந்தாள் பாவி.

பத்து மணி வகுப்பு. "நாற்பத்திரண்டு?" என்றார் சார். வித்யா இன்று குரல் மாற்றவில்லை. "செம்மொழி? எங்கம்மா?"

"அவ வரல சார். முப்பத்தாறு நாளா வரல. அவ பேர்ல நான்தான் பிரசென்ட் சொன்னேன்." வித்யா சொந்தக் குரலிலேயே சொன்னாள். "அவளுக்கு மனசு சரியில்ல சார்."

சார் குதிப்பார் என்று வகுப்பே மூச்சைப் பிடித்திருந்தது. "உன்ன அப்புறம் வச்சுக்கிறேன்," என்றார் அவர். "மொதல்ல அவங்க அம்மா நம்பரச் சொல்லு."

அன்று பாடம் நடக்கவில்லை. மதியத்துக்குள் சாரே ஒரு மனநல மருத்துவரைப் பிடித்துத் தங்கம்மாளின் போனில் பேசவைத்தார். அறுபது பேர் வகுப்பு. ஒருத்தர் பாக்கியில்லாமல் கூப்பிட்டதில், சாயங்காலம் அந்தப் பட்டன் போனுக்குச் சார்ஜே தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் செம்மொழி தன் போனை எடுத்து வித்யாவைக் கூப்பிட்டாள்.

"நெசமாவே என்னைத் தேடினாங்களாடி?"

"அன்னைக்கே தேடியிருப்பாங்கடி. நான்தான் விடல. என்னைத் திட்டு."

அவள் திட்டவில்லை, வெகுநேரம் அழுதாள். வித்யா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர் திரும்பப் பேசுறாங்களாம்," என்றாள் செம்மொழி. "அதுக்கு முன்னாடி நீ கூப்பிடுறியா? தனியா எந்திரிக்கப் பயமா இருக்குடி."