ஜியாலஜி டீச்சர்

ராஜிக்கின் விசா முடிய இன்னும் எழுபத்தொன்பது நாள் இருந்தது. கடைச் சுவர்க் காலண்டரில் ஆகஸ்ட் இருபதாம் தேதியைச் சுற்றி அவன் வாப்பா கௌஸ் முகைதீன் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, "பையன் விஷயம் என்னாச்சு பாய்?" என்று கேட்பார்கள். அமீரகத்து ருவைஸில் இருக்கும் தமிழர்கள் எல்லோருக்கும் மளிகை அந்த ஒரு கடையில்தான். ஆகவே ராஜிக்கின் கெடு ஊருக்கே மனப்பாடம்.

விஷயம் இதுதான். அப்போதைய சட்டப்படி பெண் பிள்ளை என்றால் கல்யாணம் ஆகும்வரை தகப்பன் விசாவில் இருக்கலாம். ஆண் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் அவ்வளவுதான். மேலே படிக்க வேண்டும், அல்லது வேலையில் சேர்ந்து கம்பெனி விசா வாங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சொந்த ஊருக்கு விமானம் ஏற வேண்டும். ராஜிக் பிறந்தது அபுதாபியில். சொந்த ஊரான காயல்பட்டினத்துக்கு நான்கு தடவை போயிருக்கிறான். நான்கு தடவையும் வயிற்றுப்போக்கோடு திரும்பினான். அவனைப் பொறுத்தவரை அது ஊரின் பெயர் இல்லை, வியாதியின் பெயர்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவன் கெமிஸ்ட்ரியில் வாங்கியது எழுபதுக்கு ஒன்பது. ஜூலையில் மறுதேர்வு. இருபத்து மூன்று எடுத்தால் பாஸ். பாஸானால் ஒரு வேலையும் காத்திருந்தது. எண்ணெய், தண்ணீர் சாம்பிள்களைப் பரிசோதிக்கிற சின்ன லேப் ஒன்றில் டிரெய்னி. அந்த லேப் மேனேஜர் சிவசங்கரன் கடைக்கு வாடிக்கைக்காரர். "கெமிஸ்ட்ரி பாஸ்னு ஒரு பேப்பர் கொண்டு வாங்க பாய். மீதியை நேர்ல பார்த்து முடிவு பண்றேன்" என்று சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் லிண்டா அந்தக் கடைக்குப் பால் பவுடர் வாங்க வந்தாள்.

லிண்டா நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு விசிட் விசாவில் வந்தவள். அக்கா தேவகனி இங்கே நர்ஸ். அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசை செய்ய ஆள் வேண்டியிருந்தது. யாராவது ஒரு கேள்வி கேட்டால் லிண்டாவுக்குக் குரல் வெளியே வர மூன்று விநாடி ஆகும். உலகத்தில் யாரும் மூன்று விநாடி காத்திருப்பதில்லை என்பது அவளுடைய இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

கூட வந்த அத்தான் இஸ்ரவேல் கிரேன் ஆபரேட்டர். நாள் முழுக்க இரைச்சலில் இருந்து பழகியவர், இரண்டடி தூரத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசுவார். ஆனால் அன்று கடை ஃப்ரீசரின் மோட்டார் அவரைவிடப் பலமாகக் கத்தியது.

"எங்க கொளுந்தியாளாக்கும் பாய்! ஜூவாலஜி! ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

"ஜியாலஜியா!" என்றார் கௌஸ் முகைதீன். கையில் இருந்த பால் பவுடர் டின்னைக் கீழே வைத்துவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. ருவைஸ் எண்ணெய் ஊர். ஜூவாலஜி படித்தவரை அங்கே யாரும் கண்டதில்லை. ஜியாலஜி படித்தவரை எல்லோருக்கும் தெரியும். வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருவார், பெரிய பெரிய மேனேஜர்கள் எழுந்து நிற்பார்கள், அவர் விரல் நீட்டிய இடத்தில் பூமியைத் துளைப்பார்கள்.

லிண்டா வாயைத் திறந்தாள். ஒன்று, இரண்டு...

"மண்ணுக்கு அடியில உள்ளதையே படிச்ச புள்ள! கெமிஸ்ட்ரி எம்மாத்திரம்? டீச்சர், நாளைக்கு நாலு மணிக்கு எங்க ஊட்டுக்கு வந்திருங்கோ" என்று கௌஸ் முகைதீன் பேச்சை முடித்துவிட்டார்.

திரும்பும் வழியில் லிண்டா சொன்னாள். "அத்தான், நான் ஜூவாலஜி."

"அதத்தானே சொன்னேன்."

"அவங்க ஜியாலஜின்னு நினைச்சுட்டாங்க."

"எல்லாம் லஜிதானே பிள்ளே. பாவம், அந்தப் பயலுக்கு ஒரு வழி காட்டு."

வீட்டில் தேவகனி சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எட்டி, நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லிரு."

"எப்படிக்கா சொல்ல?"

"வாயாலதான்."

சிக்கலே அதுதானே. கெமிஸ்ட்ரியை லிண்டா துணைப்பாடமாகப் படித்திருந்தாள், இரண்டாவது முயற்சியில் நாற்பது மார்க் வாங்கி. தவளையின் இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். அணுவைப் பற்றிக் கேட்டால் கண்ணைத் திறந்தாலும் ஒன்றும் தெரியாது.

மறுநாள் நாலு மணிக்கு ராஜிக் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் உம்மா மரியம் சற்றுத் தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். லிண்டா ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். 'இதை ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போமா' என்று கேட்க நினைத்தாள். குரல் வருவதற்குள் ராஜிக், அதுதான் கேள்வி என்று எண்ணிப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டான். சொன்னது அவளுக்குப் புரியவில்லை. புருவம் சுருங்கியது.

"ஸாரி மிஸ். ராங்கா? வெயிட், மறுபடி சொல்றேன்."

மறுபடி சொன்னான். புருவம் அப்படியே இருந்தது. வியர்த்துவிட்டது அவனுக்கு. புத்தகத்தைப் பிடுங்கி இரண்டு பக்கம் பின்னால் போய்ப் படித்தான். நகத்தைக் கடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மோல்னா ஒரு டிரே மாதிரி மிஸ். எங்க கடையில டிரேக்கு முப்பது முட்டை. இது அணுவுக்கான ரொம்பப் பெரிய டிரே, அவ்வளவுதான். காடை முட்டைன்னா வெயிட் கம்மி, கோழி முட்டைன்னா ஜாஸ்தி. ஆனா எண்ணிக்கை சேம்."

மூன்று வருஷக் கல்லூரியில் விளங்காதது லிண்டாவுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது. முகம் மலர்ந்துவிட்டது. தன் பதிலைக் கேட்டு ஒரு டீச்சரின் முகம் மலர்வதை ராஜிக் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த பக்கத்தை அவனே புரட்டினான்.

அதுவே பாட முறையாகிவிட்டது. அவள் ஒரு வரியைத் தொடுவாள். அவன் விளக்குவான். அவளுக்குப் புரியும்வரை விளக்குவான். அவளுக்குச் சீக்கிரத்தில் புரியாது.

"மிஸ் ரொம்ப ஸ்ட்ரிக்ட் உம்மா" என்றான் அம்மாவிடம். "தப்பாச் சொன்னா ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. சும்மா பார்ப்பாங்க."

"அடிக்கலையே ராஜிக்?"

"அடிச்சாக்கூடப் பரவாயில்ல."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று லிண்டா தினமும் கண்ணாடி முன்னால் ஒரு வாக்கியத்தைப் பழகினாள். பதினோராம் நாள் அது நன்றாக வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலிலேயே கௌஸ் முகைதீன் ஒரு மாத்திரைக் குப்பியோடு நின்றார். குப்பிக்குள் பழுப்பு நிறத்தில், முள் முள்ளாக ஒரு சின்னக் கல்.

"டீச்சர், இது என்ன கல்லுன்னு கொஞ்சம் பாருங்கோ."

"எங்க கிடைச்சது?"

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குள்ளதான். போன வருஷம் ஆப்பரேஷன் பண்ணி எடுத்தாங்க."

சிறுநீரகக் கல், அதாவது கழிவுநீக்க மண்டலப் பாடம். லிண்டா அதில் வகுப்பிலேயே முதல். "கால்சியம் ஆக்சலேட்" என்றாள், ஒரே விநாடியில். "தண்ணி நிறைய குடிங்க. பசலைக்கீரையைக் குறைச்சுக்கோங்க."

கௌஸ் முகைதீன் குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "மரியம், கேட்டியா! டாக்டர் மெஷின்ல வச்சுச் சொன்ன அதே பேரு! டீச்சர் பார்வையிலயே சொல்லிட்டாங்கோ!"

லிண்டாவின் வாக்கியம் அன்றோடு பாதாளத்துக்குப் போய்விட்டது. அதைத் தோண்டி எடுக்க உண்மையிலேயே ஒரு ஜியாலஜிஸ்ட் வந்தால்தான் உண்டு.

ஜூலையில் ராஜிக் அபுதாபிக்குப் போய்த் தேர்வு எழுதினான். ஆகஸ்ட் எட்டாம் தேதி முடிவு வந்தது. எழுபதுக்கு முப்பத்தெட்டு. கடையில் வருவோர் போவோருக்கெல்லாம் லட்டு. மறுநாள் காலையில் சிவசங்கரனிடமிருந்து போன் வந்தது. பையனைக் கூட்டி வரச் சொன்னார். முடிந்தால் டீச்சரையும்.

சிவசங்கரன் இரண்டு மார்க் ஷீட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். வேலைக்கான தாள் அவர் முன்னால் கிடந்தது. கையில் பேனா.

"ஒன்பது. முப்பத்தெட்டு. மேடம், உங்களுக்கு ஒரு கும்பிடு" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "ஆனா பாய், எனக்கு மனசு ஒப்பல. ஒரு ஜியாலஜிஸ்ட் பக்கத்துல உக்காந்து கோச்சிங் குடுத்தா கழுதைகூட பாஸ் பண்ணும். மேடம் பொறுக்கி எடுத்து ஊட்டியிருப்பாங்க, பையன் போய்க் கக்கியிருப்பான். நான் மேடத்தையா வேலைக்கு எடுக்கறேன்? சாம்பிள் ஒருநாள் திடீர்னு கலங்கி வரும். ஏன்னு தானா யோசிக்கிற ஆள்தான் எனக்கு வேணும். இவன் அப்படிப்பட்ட ஆள்னு தெரிஞ்சா இப்பவே கையெழுத்துப் போடுவேன். இல்லைன்னா ஸாரி."

பதறிப்போன கௌஸ் முகைதீன் மகனுக்காக வாதாட எழுந்தார்.

"எல்லாம் டீச்சர் செஞ்சதுதான் சார்! இவனுக்கு என்ன தெரியும்? இவன் வெறும் முட்டை! அவங்கதான் இவன் மண்டைக்குள்ள ஏத்துனாங்கோ!"

"வாப்பா, ப்ளீஸ்" என்றான் ராஜிக்.

சிவசங்கரன் அவன் பக்கம் திரும்பினார். "லீ சாட்லியர் விதின்னா என்ன தம்பி? புத்தகத்துல இருக்கற மாதிரி வேண்டாம்."

ராஜிக் தகப்பனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "எங்க வாப்பா மாதிரி சார்."

"என்னது?"

"ஒரு சிஸ்டம் அமைதியா இருக்கு. நாம அதுல ஏதாவது ஒண்ணைக் கூட்டினா, அது அதைக் குறைக்கிற பக்கமா நகரும். வீட்ல நான் ஏசியைக் கூட்டினா வாப்பா வந்து குறைப்பாங்க. டிவி சத்தத்தைக் கூட்டினா குறைப்பாங்க. உம்மா லைட் போட்டா அணைப்பாங்க. ஆனா சார், முழுசாப் பழைய நிலைமைக்குக் கொண்டு வர முடியாது. எவ்வளவு குறைச்சாலும் கொஞ்சம் குளிர் மிஞ்சும். விதியும் அப்படித்தான்."

"கரண்ட் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றார் கௌஸ் முகைதீன்.

சிவசங்கரன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் லிண்டாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பிரமாதமான உதாரணம் மேடம். இப்படியெல்லாம் சொல்லிக் குடுக்க உங்களாலதான் முடியும்." பேனாவை மூடினார். தாளை ஓரமாகத் தள்ளினார். "பையன் நல்லாத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கான்."

ராஜிக்கின் காது சிவந்திருந்தது. லிண்டா எட்டி அந்தத் தாளின் மேல் கையை வைத்தாள். எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சார், இந்த உதாரணத்தை நானே இப்பத்தான் கேக்கேன். இவனுக்கு நான் ஒரு வரிகூடச் சொல்லிக் குடுக்கல. எனக்கு இதெல்லாம் தெரியாது. இவன்தான் எல்லாம் யோசிச்சு யோசிச்சு எனக்குச் சொல்லித் தந்தான்."

"டீச்சர்!" என்றார் கௌஸ் முகைதீன்.

சிவசங்கரன் மூடிய பேனாவை மறுபடி எடுத்தார், திறக்கவில்லை. "தன்னடக்கம் வேண்டாம் மேடம். ஜியாலஜியில ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினவங்களுக்கு இது தெரியாதா?"

"ஜியாலஜி இல்ல சார்" என்றாள் லிண்டா. குரல் பக்கத்து அறைவரை கேட்டது. "ஜூவாலஜி. இஸட்டுல தொடங்குறது."