ஏழாவது கைப்பிடி

பெட்டியைத் தூக்க ஆறு பேர் குனிந்த பிறகும் கால்மாட்டில் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது.

“சாகும்போதும் அப்பாவுக்கு எண் பைத்தியம் விடல,” என்றான் அண்ணன்.

தங்கை சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. அப்பா சவப்பெட்டி செய்கிற தச்சர். யார் பெட்டியானாலும் மூடியில் பன்னிரண்டு திருகாணி, பைபிளில் வரும் இஸ்ரவேல் கோத்திரத்துக்கு ஒன்று. பாலிஷ் காயும்முன் அவசரப்படுத்துகிறவர்களிடம், “இஸ்ரவேலர் நாப்பது வருஷம் நடந்தாங்க, உங்களால நாப்பது நிமிஷம் நிக்க முடியாதா?” என்பார். ஆறு என்பது மனுஷனுடைய எண், அரைகுறை; ஏழுதான் நிறைவு என்று எல்லோர் வாயையும் அடைப்பார். அதனால், போன மாதம் தன் பெட்டியைத் தானே செய்து அதில் ஏழாவது கைப்பிடியை முடுக்கியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

கேட்டுக்கு வெளியே தம்பி நின்றிருந்தான். வீட்டில் அவனுக்கு நெட்டை என்றே பேர். பட்டறையை விட்டு லாரி ஓட்டப் போன அன்று, “நான் செத்தாக்கூட என் பெட்டிய நீ தொடக் கூடாது,” என்றார் அப்பா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இன்று யாரோ கொடுத்த டீ அவன் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

“அண்ணா, அவனைக் கூப்பிடவா?”

“அப்பா சொன்னத மீறவா? பன்னெண்டு சீஷர்ல ஒருத்தன் போனதும் இன்னொருத்தரச் சேத்துக் கணக்க நேராக்கலையா?”

“அதுக்கு நம்ம தம்பி என்ன யூதாஸா?”

அண்ணன் பக்கத்து வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டான். ஏழு பேரும் தூக்கினார்கள். மெக்கானிக்கின் முழங்கை மடங்கியது, கால்மாடு ஆடியது. பெட்டியை மறுபடி பெஞ்சில் இறக்கினார்கள்.

“இது மட்டும் நாலு விரக்கடை மேல இருக்குங்க. கைக்குப் பிடிமானமே இல்ல,” என்றார் மெக்கானிக்.

“கடைசில கண்ணு சரியாத் தெரியல அவருக்கு,” என்றான் அண்ணன்.

அவள் குனிந்து பார்த்தாள். கைப்பிடியின் அடியில், பாலிஷுக்குள், மட்டம் வைத்து இழுத்த பென்சில் கோடு துளி பிசகாமல் இருந்தது. அவள் கேட்டைப் பார்த்தாள். மற்றவர்களுக்குக் கழுத்தளவில் இருந்த கேட்டின் மேல்கம்பி தம்பிக்கு மட்டும்தான் மார்பளவில் இருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்.

“அண்ணா, இந்தக் கோட்டைப் பாரு. அப்புறம் அவன் உயரத்தப் பாரு.”

அண்ணன் குனிந்தான். கோட்டை விரலால் தடவினான். பிறகு மெக்கானிக்கின் தோளைத் தொட்டு விலகச் சொன்னான்.

“நெட்டை,” என்றான், கேட்டைப் பார்க்காமல். “டீய வச்சிட்டு வா.”

இம்முறை பெட்டி ஆடாமல் எழுந்தது. கால்மாட்டில் தம்பியின் கை நேராகத் தொங்கியது; முதுகு கொஞ்சமும் வளையவில்லை.